அடுத்த டாக்டர் என்ன உடுத்துவார்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 'டாக்டர் ஹூ' தொடரின் அடுத்த நாயகரைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் கதையைப் பற்றிக் கேட்டவர்களைவிடக் கோட்டைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். ஆகவே இந்த இதழில் உடையைத் தவிர வேறு பேச்சில்லை.

கேள்வி: ஷூட்டி காட்வா நடித்த கடைசிப் பகுதியின் முடிவில் அவர் உருமாறி, பில்லி பைப்பராக நிற்கிறார். அந்தக் கடைசி நிமிடத்தில் உடம்பில் இருக்கும் துணிதான் புதிய நாயகரின் உடை என்று என் தங்கை சாதிக்கிறாள். நான் இல்லை என்கிறேன். யார் சொல்வது சரி? (வாசகி, தியாகராய நகர்)

பதில்: நீங்கள் சொல்வதே சரி, ஆனால் தங்கையின் கட்சிக்கும் கொஞ்சம் ஆதாரம் உண்டு என்பதால் அவரை முழுவதுமாகத் தோற்கடித்துவிட வேண்டாம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய இத்தொடரின் நாயகர், 'டாக்டர்' என்றே அழைக்கப்படுபவர், காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்கிற ஒரு வேற்றுலகவாசி. உயிர் போகும் நிலை வரும்போது அவருடைய உடல் முழுவதும் புதிதாகி, வேறு முகமும் வேறு சுபாவமும் கொண்ட ஆளாக எழுந்து நிற்பார். வில்லியம் ஹார்ட்னல் விலகியபோது, 1966-இல், நடிகரை மாற்றுவதற்காக யோசித்த இந்த உபாயம்தான் தொடரை இத்தனை ஆண்டுகள் ஓட வைத்திருக்கிறது.

உடல் மாறினாலும் துணி மாறாது என்பது பொதுவான வழக்கம். புதிய ஆள் பழைய ஆளின் சட்டையோடு, தோளில் பிடித்தும் இடுப்பில் தொளதொளத்தும், முதல் கதைக்குள் நுழைவார். தன் உடையை அங்கேதான் தேடிக்கொள்வார். டேவிட் டென்னன்ட் தம்முடைய முதல் முழுக் கதையின் பெரும்பகுதியை, 2005 கிறிஸ்துமஸ் அன்று, பைஜாமாவில்தான் கழித்தார். கடைசி நிமிடத்துச் சட்டையை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பது, மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு என்ன உடுத்துவார் என்பதை அவர் ரயிலிலிருந்து இறங்கிய கோலத்தை வைத்துச் சொல்வது போன்றது.

விதிவிலக்குகள் உண்டு. 1966-இல் ஹார்ட்னல், பேட்ரிக் ட்ரௌட்டனாக மாறியபோது உடையும் சேர்ந்தே மாறியது; மோதிரம் மட்டும் மாறாமல் இருந்து, புதிய விரலுக்குப் பெரிதாகிக் கழன்று விழுந்தது. 2022 அக்டோபரில் ஜோடி விட்டேக்கர் மீண்டும் டென்னன்டாக மாறியபோதும் துணி தானாகவே மாறிக்கொண்டது. பெண்ணின் உடையில் ஓர் ஆண் நிற்பதைப் பத்திரிகைகள் கேலிப் படமாக்கிவிடும் என்பதால் அப்படி வேண்டாம் என்று முடிவு செய்ததாகத் தயாரிப்பாளர் ரஸ்ஸல் டி டேவிஸ் விளக்கினார். கதைக்குள் இதற்குக் காரணம் தேடிய ரசிகர்களுக்கு அந்த விளக்கம் அவ்வளவாக ருசிக்கவில்லை.

இன்னொன்றையும் தங்கையிடம் சொல்லுங்கள். 2025 மே 31 அன்று ஒளிபரப்பான அந்தப் பகுதியின் பெயர்ப் பட்டியலில் பில்லி பைப்பரின் பெயர் 'டாக்டர்' என்ற பாத்திரத்தோடு வரவில்லை. 'அறிமுகம்' என்று மட்டுமே வந்தது. 2005-லேயே இத்தொடரில் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்துப் புகழ்பெற்றவரை 'அறிமுகம்' என்று போடுவதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஆளே யாரென்று முடிவாகாத இடத்தில் ஆளின் அளவை எடுக்க முடியாது.

கேள்வி: படப்பிடிப்பில் யாராவது தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று வெளியானால் போதும், அதில் தெரிகிற ஒரு பொத்தானை வைத்து நண்பர்கள் நாள் முழுவதும் விவாதிக்கிறார்கள். இப்படிப்பட்ட படங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? (கல்லூரி மாணவர், பெரம்பூர்)

பதில்: பொத்தானை நம்பலாம், ஊகத்தை நம்ப வேண்டாம்.

தெருவில் எடுக்கப்படும் காட்சியை மறைக்க முடியாது என்பது நம் கோடம்பாக்கத்துக்கும் தெரியும். அதனால்தான் 'கெட்டப்' கசிவதற்கு முன்பே 'ஃபர்ஸ்ட் லுக்' வெளியிட்டுவிடுகிறார்கள். பிபிசியும் அதையே செய்கிறது. டாக்டராக நடித்த மேட் ஸ்மித்தின் முதல் படப்பிடிப்பு 2009 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் ஒரு திறந்த கடற்கரையில் தொடங்கியது. தொடங்கிய அன்றே அதிகாரபூர்வப் படமும் வெளிவந்தது. அவருக்குப் பின் வந்த பீட்டர் கேபல்டியின் உடையை 2014 ஜனவரி 27 அன்று ஒரே ஒரு படத்தால் அறிவித்தார்கள். கருநீலக் கோட்டு, அதன் உள்ளே சிவப்பு லைனிங், கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, கனத்த பூட்ஸ், அவ்வளவுதான். அதைப் பார்த்த ரசிகர்களில் பலர் உடனே 1970-களின் ஜான் பெர்ட்வீயை நினைவு கூர்ந்தார்கள். சிலர் மேடையில் முயல் எடுக்கும் தந்திரவித்தைக்காரர் என்றார்கள். பிறகு தொடரிலேயே அவர் தம் கோலத்தை அப்படிச் சொல்லித் தம்மையே கிண்டல் செய்துகொண்டார்.

ஏமாந்த கதையும் உண்டு. 2017 ஜூலை 16 அன்று, விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி முடிந்ததும், முக்காடிட்ட ஓர் உருவம் நீளமான கறுத்த கோட்டுடன் மரங்களுக்கிடையே நடந்து வரும் காணொளி ஒளிபரப்பாகி, முக்காடு விலகியபோது ஜோடி விட்டேக்கரின் முகம் தெரிந்தது. அந்தக் கறுத்த கோட்டை வைத்து, இருண்ட மனம் கொண்ட நாயகி வரப்போகிறாள் என்று எழுதியவர்கள் எத்தனையோ பேர். நவம்பர் 9-இல் உண்மையான உடை வந்தது. வெளிறிய ஊதா நீலத்தில் முக்காடு வைத்த கோட்டு, நெஞ்சின் குறுக்கே வானவில் கோடு போட்ட சட்டை, மஞ்சள் நிறத் தோள்பட்டி, கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும் அகலமான கால்சட்டை. இருள் மருந்துக்கும் இல்லை.

ஊகிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். முந்தையவரின் உடையைப் பார்த்து, அதற்கு எதிர்த்திசையில் பத்து அடி நடந்து பாருங்கள். டாம் பேக்கரின் அலங்கோலமான கழுத்துத்துணிக்குப் பிறகு பீட்டர் டேவிசனின் மடிப்புக் கலையாத கிரிக்கெட் வெள்ளை வந்தது. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் தோல் ஜாக்கெட்டுக்குப் பிறகு டென்னன்டின் கோடு போட்ட சூட்டு, கேபல்டியின் கருநீலத்துக்குப் பிறகு வானவில். காட்வாவோ ஒரே உடை என்ற வழக்கத்தையே கைவிட்டுக் கதைக்குக் கதை புதிதாக உடுத்தினார். அதற்கு எதிர்த்திசை எது என்று கேட்டால், வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரே கோட்டை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார் என்பதே என் பந்தயம்.

கேள்வி: உடையை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? நடிகரா, தயாரிப்பாளரா, உடை வடிவமைப்பாளரா? (அண்ணா நகர் வாசகர்)

பதில்: மூவரும் சேர்ந்து என்பது சம்பிரதாயமான விடை. நாலாவதாகத் தற்செயலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. புகழ்பெற்ற உடைகளில் அதன் பங்குதான் பெரிது.

அந்தக் கழுத்துத்துணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சசன் பல நிறக் கம்பளி நூலை வாங்கி, பிகோனியா போப் என்ற பின்னல்காரப் பெண்மணியிடம் கொடுத்தார். எவ்வளவு நூல் தேவை என்பது தெரியாமல் நிறையவே கொடுத்துவிட்டார்; அந்த அம்மையாரோ கொடுத்த நூல் முழுவதையும் பின்னித் தீர்த்துவிட்டார். ஆளைவிடப் பல மடங்கு நீளமாக வந்து சேர்ந்ததைக் கண்டு, திருப்பி அனுப்பாமல் அப்படியே டாம் பேக்கரின் கழுத்தில் சுற்றினார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் தொடரின் அடையாளம் என்றால் பலருக்கும் அதுவே நினைவுக்கு வருகிறது. ஆச்சசன் பின்னாளில் மூன்று ஆஸ்கர் விருதுகள் பெற்றார். ஆனால் நூலை மிச்சம் வைக்காத அந்தக் கைகளை நான் அதைவிட உயர்வாக நினைக்கிறேன். பேக்கரிடமிருந்து பொறுப்பேற்ற டேவிசன், 1982-இல் வந்த தம் முதல் கதையில், வழி தவறாமல் இருப்பதற்காக அதே கழுத்துத்துணியைப் பிரித்து நூலாகத் தரையில் விட்டுக்கொண்டே நடப்பார். பழைய நாயகரைக் கண்ணெதிரே இழை இழையாக அவிழ்த்துவிட்டுப் புதிய நாயகர் பிறக்கும் அந்தக் காட்சிக்கு வசனமே தேவைப்படவில்லை.

ஜான் பெர்ட்வீ விளம்பரப் படம் எடுக்கும் நாளில் வீட்டிலிருந்து தம் தாத்தாவின் பழைய மேலங்கியை எடுத்துவந்து போட்டுக்கொண்டார். அது எல்லோருக்கும் பிடித்துப்போகவே, மேலங்கியும் வெல்வெட் கோட்டும் சுருக்கு வைத்த சட்டையும் அவருடைய கோலமாகிவிட்டன. தொடர் 1970-இல் வண்ணத்துக்கு மாறியிருந்ததும் வசதியாகப் போயிற்று. கறுப்பு வெள்ளையில் வெல்வெட்டு வீண்.

மேட் ஸ்மித்தின் பட்டாம்பூச்சி டைக்குப் பின்னால் இருக்கும் சங்கிலி இன்னும் நீளமானது. ட்ரௌட்டன் நடித்து 1967-இல் ஒளிபரப்பான ஒரு கதையின் நாடாக்கள், பிபிசி பழைய நிகழ்ச்சிகளை அழித்து வந்த காலத்தில் தொலைந்துபோயின. 1992-இல் அக்கதையின் நான்கு பகுதிகளும் ஹாங்காங்கில் கிடைத்தன. பாத்திரத்துக்குத் தயாராகும்போது ஸ்மித் அதைப் பார்த்து ட்ரௌட்டன்மேல் பைத்தியமாகி, அவர் அணிந்ததைப் போல எனக்கும் டை வேண்டும் என்று கேட்டார். தயாரிப்பாளர் ஸ்டீவன் மொஃபட்டுக்கு முதலில் இதில் துளியும் விருப்பமில்லை. போட்டுக் காட்டியபோது மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஹாங்காங்கில் யாரோ ஒருவர் கிடங்கைத் துப்புரவு செய்து அந்தச் சுருள்களைக் குப்பையில் போட்டிருந்தால், 2010-இல் நாம் பார்த்த டாக்டரின் கழுத்து வெறுமையாக இருந்திருக்கும்.

காசும் ஒரு காரணம். நாயகனின் உடையென்றால் ஒன்று போதாது. மழைக் காட்சிக்கு ஒன்று, சேற்றில் விழ ஒன்று, டூப்புக்கு ஒன்று, கன்டினியூட்டிக்காகச் சுத்தமாக ஒன்று என்று பல நகல்கள் வேண்டும். டென்னன்டின் பழுப்பு நிறக் கோடு போட்ட சூட்டுக்கு மனத்திலிருந்த துணி தானாகக் கிடைக்கவில்லை. கடையில் விற்ற கால்சட்டைகளில் அந்தத் துணி இருப்பதைக் கண்டு, அவற்றை வாங்கிப் பிரித்து, கோட்டாகத் தைத்தார்கள். தையல்காரருக்குப் பிரிப்பது தைப்பதைவிடக் கடினமான வேலை என்பதை நம் வீட்டில் ரவிக்கை பிரித்தவர்கள் அறிவார்கள்.

கேள்வி: இதுவரை வந்தவற்றில் மிக மோசமான உடை எது? தயங்காமல் சொல்லுங்கள். (வேளச்சேரி வாசகர்)

பதில்: தயக்கமே இல்லை. காலின் பேக்கர் 1984 முதல் 1986 வரை அணிந்த, பல வண்ணத் துண்டுகளால் ஆன ஒட்டுக் கோட்டு.

ரசனையே இல்லாத உடையாக இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜான் நேதன்-டர்னர் கேட்டார். வடிவமைப்பாளர் பேட் காட்ஃப்ரே வரைந்து கொடுத்ததெல்லாம் அவருக்குப் போதிய அளவு மோசமாகப் படவில்லையாம். படித்துத் தேர்ந்த ஒருவரிடம் கண்ணை உறுத்துவதைத் திட்டமிட்டுச் செய்யச் சொல்வது, நல்ல சமையற்காரரிடம் உப்பை அள்ளிப் போடச் சொல்வதற்குச் சமம். காலின் பேக்கர் கேட்டதோ கறுப்பு வெல்வெட்டு. அவருடைய டாக்டர் முரடர், எளிதில் பிடிபடாதவர், பார்வையாளரைக் கொஞ்சம் பயமுறுத்தியபின் மெல்ல நெருங்கி வர வேண்டியவர். அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு அவர் எவ்வளவு கோபப்பட்டாலும் சர்க்கஸ் அறிவிப்பாளர் கோபப்படுவதைப் போலவே தோன்றியது. நடிகரின் குற்றம் அதில் ஒன்றுமில்லை. எக்கிள்ஸ்டன் 2005-இல் கறுத்த தோல் ஜாக்கெட்டோடு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றபோது எனக்குக் காலின் பேக்கரின் நினைவுதான் வந்தது.

அந்தக் காலத்தின் இன்னொரு வியாதி கேள்விக்குறி. 1980-இல் சட்டைக் காலரில் சிறியதாகத் தொடங்கி, சில்வெஸ்டர் மெக்காய் 1987-இல் வந்தபோது கம்பளிச் சட்டை முழுவதும் பரவி, குடையின் பிடிவரை வளர்ந்தது. 'நான் ஒரு புதிர்' என்று நெஞ்சில் எழுதி ஒட்டிக்கொண்டவரைக் கண்டு யாருக்கு என்ன வியப்பு வரும்?

ஓர் உடை கோட்டோவியத்தில் நிற்கிறதா என்பதுதான் என் சோதனை. எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் ஒரு சுவரில் நாலு கோட்டில் வரைந்துவிட்டால் பெயர் எழுத வேண்டியதில்லை. டாம் பேக்கரின் தொப்பியும் கழுத்துத்துணியும் அப்படித்தான். ஒட்டுக் கோட்டை வண்ணம் இல்லாமல் வரைந்து காட்டுங்கள், அது வெறும் கோட்டு.

கேள்வி: பீட்டர் டேவிசன் கோட்டில் செலரிக் கீரைத் தண்டு குத்தியிருந்தது ஏன்? (குரோம்பேட்டை)

பதில்: அவருக்கு ஒவ்வாத சில வாயுக்கள் பட்டால் அது ஊதா நிறமாகும் என்ற காரணத்தை 1984-இல், அவருடைய கடைசிக் கதையில்தான் சொன்னார்கள். அதற்கு முன்பு காரணமே இல்லாமல் இருந்தபோதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: எனக்கு வயது எழுபதுக்கு மேல். பேரன் தயவில் இத்தொடரைப் பார்க்கிறேன். வளர்ந்தவர்கள் ஒரு நடிகரின் சட்டைக்காக இவ்வளவு பரபரப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. மேலும், ஒவ்வொரு முறையும் இந்த மனிதர் உடையைத் திருடுகிறாரே, அது நாயகனுக்கு அழகா? (மயிலாப்பூர் வாசகர்)

பதில்: ஐயா, இரண்டாவது குற்றச்சாட்டை மறுக்க என்னால் முடியாது. பெர்ட்வீ 1970-இல் மருத்துவமனையில் மருத்துவர்கள் உடை மாற்றும் அறையிலிருந்து சுருட்டினார். பால் மெக்கான் 1996-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனை ஊழியரின் அலமாரியிலிருந்து, அவர் மாறுவேட விருந்துக்காக வைத்திருந்த உடையை எடுத்துக்கொண்டார். ஸ்மித் 2010-இல் மீண்டும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே புகுந்தார். டாக்டர் என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு மருத்துவத் துறையோடு அவருக்கு இருக்கும் தொடர்பு இதுதான் போலும். நேர்மையாக நடந்துகொண்டவர் விட்டேக்கர். ஷெஃபீல்டு நகரில் பழைய துணி விற்கும் தருமக் கடைக்குப் போய், போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தங்கள் வயதில் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். முக்கிய வேஷம் அரங்கத்துக்கு வரும்போது இரண்டு பேர் ஒரு திரையைக் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால், நடுவில் துணி. துரியோதனன் யார் என்பது ஊருக்கே தெரியும், அவன் சாவதும் தெரியும், ஆடப்போகிறவர் எந்த ஊர் வாத்தியார் என்பதும் தெரியும்; இருந்தும் திரை விலகும்வரை கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும். இங்கேயும் அதே கதைதான். ஆள் யார் என்பது அறிவிக்கப்பட்டுவிடுகிறது, ஆனால் அவர் எப்படிப்பட்டவராக இருக்கப் போகிறார் என்பதற்கு அடுத்த பல மாதங்களுக்கு ரசிகர் கையில் இருக்கும் ஒரே தடயம் அந்தத் துணி. ஒரே பாத்திரத்தை வெவ்வேறு நடிகர்கள் ஏற்று ஆடும் மரபு நமக்குப் புதிதல்ல என்பதால், லண்டன்காரரைவிடத் தங்களுக்கு இது எளிதில் பிடிபட வேண்டும். பேரனிடம் திரையைப் பற்றிச் சொல்லுங்கள். அவன் பார்த்திருக்க மாட்டான்.

கேள்வி: 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த சென்னையின் முதல் காமிக் கான் ரசிகர் விழாவுக்கு நான் சும்மா போய் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த முறை டென்னன்டின் நீளமான பழுப்புக் கோட்டைத் தைத்துப் போட்டுக்கொண்டு போக ஆசை. நம் ஊர் வெயிலுக்கு அது சாத்தியமா? தையல்காரர் கம்பளித் துணி வாங்கி வரச் சொல்கிறார். (கொளத்தூர் வாசகி)

பதில்: தையல்காரர் பேச்சைக் கேட்டால் வரிசையில் நிற்கும்போதே மயங்கி விழுவீர்கள். கம்பளி வேண்டாம்.

அந்தக் கோட்டின் அழகு நிறத்தில் இல்லை. அவர் ஓடும்போது அது பின்னால் விரிந்து பறப்பதில் இருக்கிறது. அதற்கு இரண்டு விஷயம் தேவை. ஒன்று, துணிக்குக் கொஞ்சம் கனம் இருக்க வேண்டும். மெல்லிய துணி காற்றில் சுருண்டு காலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு, முதுகுப் பக்கம் நடுவில் திறப்பு போதிய உயரத்துக்கு இருக்க வேண்டும். இதைக் கூச்சப்பட்டுக் குறைத்துவிட்டால் கோட்டு மழைச்சட்டை மாதிரி தொங்கும். பாரிமுனையில் கோடவுன் தெருவுக்குப் போய்க் கனமான பருத்தி ட்ரில் கேளுங்கள்; பழுப்பு நிறம் சுலபமாகக் கிடைக்கும். வாங்கியதும் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் சலவையில் கை இரண்டு விரற்கடை ஏறிவிடும். நான் ஒரு கல்லூரி நாடகத்துக்காகத் தைத்த கோட்டு அப்படித்தான் என் தம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. லைனிங்கைத் தோளுக்கும் கைக்கும் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், முதுகு சுவாசிக்கட்டும். காலருக்கு மட்டும் கான்வாஸ் வைத்தால் போதும்.

வாடகைக்கு எடுக்கலாம் என்றால் வடபழனிப் பக்கம் நாடக உடைக் கடைகளில் நீளக் கோட்டு இருக்கும். ஆனால் அவை பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரை வேஷத்துக்குத் தைத்தவை, தோளில் பஞ்சு வைத்திருப்பார்கள், உங்களுக்கு ஆகாது.

உள்பக்கத்தில் ஆழமான பை இரண்டு வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். டாக்டரின் பைகளுக்கு அடியே கிடையாது என்பது கதை. உங்களுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலும் கைபேசியும் நுழைவுச்சீட்டும் அடங்கினால் போதுமானது.